எடை குறைந்த பின் தொங்கும் தோல்: அறுவை சிகிச்சை தேவையா? முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: பல ஆண்டுகள் உடல் பருமனுடன் போராடி, 40 அல்லது 50 கிலோ எடையைக் குறைத்தவர்களின் வாழ்க்கை பல வகைகளில் எளிதாகிறது. இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது, மூட்டுவலி தணிகிறது, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. ஆனால் அவர்களில் பலருக்கு அடிவயிறு, மேற்கைகள், மார்பு, தொடை ஆகிய இடங்களில் தோல் மடிந்து தொங்குகிறது. கொழுப்பு கரைந்துவிட்டாலும், அதைத் தாங்கி விரிந்த தோல் அப்படியே தங்கிவிடுகிறது. அதை அறுவை சிகிச்சை மூலம் அகற்றுவதா, அதனுடனேயே வாழ்வதா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

இந்தியாவில் இக்கேள்வியை எதிர்கொள்வோர் எண்ணிக்கை கூடுவதற்கான சூழல் உருவாகியுள்ளது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதத்தினரும், ஆண்களில் சுமார் 23 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். பேரியாட்ரிக் எனப்படும் உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சை இப்போது பெருநகரங்களைத் தாண்டியும் கிடைக்கிறது. எடையைக் குறைக்கும் வார ஊசி மருந்துகளில் மவுஞ்சாரோ 2025 மார்ச் மாதத்திலும், வெகோவி அதே ஆண்டு ஜூன் மாதத்திலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. எடைக் குறைப்பைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு, அதன் பின் எஞ்சும் தோலைப் பற்றி நோயாளிகளிடம் முன்கூட்டியே பேசப்படுவதில்லை.

தோல் ஏன் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை?

தோலின் உறுதிக்குக் கொலாஜன் என்ற புரத இழைகளும், அதன் மீள்தன்மைக்கு எலாஸ்டின் என்ற இழைகளும் காரணம். உடல் பருக்கும்போது தோல் விரிந்துகொடுக்கிறது. அந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தால் இந்த இழைகள் சிதைந்து மீள்தன்மையை இழக்கின்றன. அதன் பிறகு உள்ளிருந்த கொழுப்பு குறைந்தாலும் தோல் முழுமையாகச் சுருங்குவதில்லை.

தோல் எந்த அளவுக்குத் தொங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். குறைந்த எடையின் அளவு, உடல் பருமனுடன் வாழ்ந்த ஆண்டுகள், வயது, மரபுக்கூறு, புகைப்பழக்கம், வெயிலால் தோலுக்கு ஏற்பட்ட பாதிப்பு, பெண்களுக்குப் பேறுகாலங்களின் எண்ணிக்கை ஆகியவை இதைத் தீர்மானிக்கின்றன. 25 வயதில் 20 கிலோ குறைத்தவரின் தோல் பெருமளவு தானாகவே சுருங்கலாம். 50 வயதில் 60 கிலோ குறைத்தவருக்கு அத்தகைய வாய்ப்பு குறைவு. எடை குறைந்த வழி உணவுக் கட்டுப்பாடா, ஊசி மருந்தா, அறுவை சிகிச்சையா என்பதைவிட, எவ்வளவு எடை குறைந்தது என்பதே இதில் முக்கியமானது.

அழகுப் பிரச்சினையா, உடல்நலப் பிரச்சினையா?

தொங்கும் தோலைப் பற்றிக் கவலைப்படுவோரிடம், ‘உயிருக்கு ஆபத்தில்லையே, இது வெறும் அழகு சார்ந்த விஷயம்தானே’ என்று குடும்பத்தினர் கூறுவது வழக்கம். சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அனைவருக்கும் அது பொருந்தாது.

அடிவயிற்றுத் தோல் மடிப்பு தொடை வரை தொங்கும்போது, அதன் அடியில் வியர்வை தேங்குகிறது. தோலோடு தோல் உரசுகிறது. இதனால் சிவந்த தடிப்பு, எரிச்சல், துர்நாற்றம், பூஞ்சைத் தொற்று, சில வேளைகளில் புண்ணும் ஏற்படுகின்றன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இந்தியக் கோடையிலும் மழைக்காலத்திலும் இத்தொல்லை தீவிரமடைகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும். நடக்கும்போதும் உடற்பயிற்சி செய்யும்போதும் தோல் மடிப்பு இடையூறாகிறது. சிலருக்கு முதுகுவலியும் உண்டாகிறது. கழிவறைச் சுத்தம், பொருத்தமான உடை ஆகிய அன்றாடத் தேவைகள் கூடச் சிரமமாகின்றன.

மனநலப் பாதிப்பும் உண்மையானதே. எடை குறைந்தும் கண்ணாடி முன் நிற்கத் தயங்குவோர், தாம்பத்திய வாழ்வில் ஒதுங்குவோர், நீச்சல் போன்ற பயிற்சிகளைத் தவிர்ப்போர் உள்ளனர். எனினும், தோலை அகற்றினால் எல்லாத் தாழ்வுணர்ச்சியும் நீங்கிவிடும் என்ற எதிர்பார்ப்புடன் அறுவை அரங்குக்குச் செல்வோர் ஏமாற்றமடைய நேரிடும். எனவே, நோயாளியின் எதிர்பார்ப்பு என்ன என்பதை அறுவை சிகிச்சை நிபுணர் முதல் சந்திப்பிலேயே கேட்டறிவது அவசியம். மனச்சோர்வோ, உணவுப் பழக்கக் கோளாறோ இருப்பின் அதற்கான சிகிச்சை முதலில் வர வேண்டும்.

தன் நிலையை மதிப்பிட விரும்புவோர் ஓர் எளிய கேள்வியிலிருந்து தொடங்கலாம்: இந்தத் தோல் தன்னை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது? மீண்டும் மீண்டும் வரும் தொற்று, நடப்பதில் சிரமம் என்ற பதிலுக்கும், கையில்லாச் சட்டை அணிய முடியவில்லை என்ற பதிலுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டுமே சிகிச்சைக்கு ஏற்கத்தக்க காரணங்கள்தாம். ஆனால் எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம், காப்பீடு கிடைக்குமா, எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பவை அந்தப் பதிலைப் பொறுத்தே அமையும்.

அறுவை சிகிச்சை இல்லாத வழிகள்

தோலைச் சுருக்கும் என விளம்பரப்படுத்தப்படும் களிம்புகளும் எண்ணெய்களும், கணிசமாகத் தொங்கும் தோலில் குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்துவதில்லை. ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் கருவிகளைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சைகள் இலேசான தளர்வுக்கு ஓரளவு உதவலாம். பெரிய மடிப்புகளுக்குப் பயன்படா. லைப்போசக்‌ஷன் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையாகும். அது தோலை அகற்றுவதில்லை என்பதால், மீள்தன்மை இழந்த தோலில் தொங்கலை இன்னும் கூட்டவும் கூடும்.

எடை தூக்கும் பயிற்சிகளால் தசை வளரும்போது, கை, தொடை ஆகிய இடங்களில் தோலின் தளர்வு ஓரளவு மறையும். மடிப்புகளை நாள்தோறும் கழுவி ஈரமின்றி உலர்த்துவது, மடிப்புக்கு இடையில் மெல்லிய பருத்தித் துணி வைப்பது, உடலை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை அணிவது ஆகியவை உரசலைக் குறைக்கும்.

தடிப்பு தோன்றியதும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பூசுவது தவறு. அவை அரிப்பை உடனடியாகத் தணித்தாலும், பூஞ்சைத் தொற்றைத் தீவிரப்படுத்துவதுடன் தோலையும் மெலியச் செய்கின்றன. தோல் நோய் நிபுணரிடம் சிகிச்சை பெறுவதே முறை. அந்தச் சிகிச்சைக் குறிப்புகள் பின்னர் காப்பீட்டுக்கும் பயன்படும்.

எப்போது செய்யலாம்?

எடை குறைந்துகொண்டிருக்கும்போதே தோலை அகற்றினால், மேலும் எடை குறைந்து புதிதாகத் தோல் தொங்கலாம். எடை மீண்டும் கூடினால், தைத்த தோல் விரிந்து சிகிச்சையின் பலன் குறையும். ஆகவே எடை ஒரே அளவில் குறைந்தது 3 முதல் 6 மாதங்கள் வரை நிலைத்திருக்க வேண்டும் என நிபுணர்கள் எதிர்பார்க்கின்றனர். பேரியாட்ரிக் சிகிச்சை பெற்றவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் வரை காத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். இக்காலத்தில் தோலும் தன்னால் இயன்ற அளவு சுருங்கிவிடும்.

உடல் நிறைக் குறியீட்டெண்ணும் கவனிக்கப்படுகிறது. அது 30-க்குக் கீழ் இருந்தால் சிக்கல்கள் குறைவு. பலனும் நன்றாக அமையும். 35-க்கு மேல் இருந்தால் புண் பிரிதல், தொற்று, இரத்த உறைவு ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன.

ஊசி மருந்துகளால் எடை குறைத்தவர்கள் மேலும் ஒன்றைச் சிந்திக்க வேண்டியுள்ளது. செமாகுளுடைட் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு ஒன்றில், அவர்கள் குறைத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீண்டும் பெற்றது தெரியவந்தது. எனவே மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா, அதன் மாதாந்திரச் செலவைத் தாங்க இயலுமா என்பவற்றை முடிவு செய்த பின்னரே தோல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது நல்லது.

குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் வயிற்றுத் தோல் அகற்றும் சிகிச்சையைப் பேறுகாலத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பின் கருத்தரிப்பதற்குத் தடை இல்லை. ஆனால் வயிறு மீண்டும் விரிவதால் சிகிச்சையின் பலன் குறையக்கூடும்.

உடல் தயாராக உள்ளதா?

பெருமளவு எடை குறைத்தவர்கள் வெளித்தோற்றத்தில் நலமாகத் தெரிந்தாலும், ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்களாக இருக்கலாம். நீண்ட காயம் ஆறுவதற்குப் புரதம் தேவை. பேரியாட்ரிக் சிகிச்சை பெற்றவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் எடுத்துக்கொள்ள வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது. சைவ உணவு உண்போர் பால், தயிர், பனீர், பருப்பு வகைகள், சோயா ஆகியவற்றைத் திட்டமிட்டு உண்ணாவிடில் இந்த அளவை எட்டுவது கடினம். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி, அல்புமின் ஆகியவற்றைப் பரிசோதித்து, குறைபாட்டைச் சரிசெய்த பின்னரே அறுவை சிகிச்சை செய்யப்பட வேண்டும்.

புகைபிடிப்பதைச் சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரங்கள் முன்பும், அதன் பின் காயம் ஆறும் வரையிலும் முற்றிலும் நிறுத்த வேண்டும். நிகோடின் இரத்த நாளங்களைச் சுருக்குவதால், தைத்த தோலின் ஓரம் இரத்த ஓட்டமின்றி அழுகும் ஆபத்து உண்டு. குட்கா, கைனி போன்ற வாயில் மெல்லும் புகையிலைக்கும் இது பொருந்தும்.

எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொள்வோர் அதை மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இம்மருந்துகளால் இரைப்பையில் உணவு நெடுநேரம் தங்குகிறது. மயக்க நிலையில் அது மேலேறி நுரையீரலுக்குள் செல்ல வாய்ப்புள்ளது. ஊசியை எப்போது நிறுத்துவது, சிகிச்சைக்கு முந்தைய நாள் என்ன உண்பது என்பதை மயக்க மருந்து நிபுணரே முடிவு செய்வார்.

என்னென்ன சிகிச்சைகள் உள்ளன?

‘தோல் அகற்றுதல்’ என்ற ஒரே பெயரில் பல வகை அறுவை சிகிச்சைகள் உள்ளன. பானிகுலெக்டமி என்பது அடிவயிற்றில் தொங்கும் தோல் மடிப்பை மட்டும் வெட்டி அகற்றுவது. தொற்று, உரசல் போன்ற உடல்நலக் காரணங்களுக்காகப் பெரும்பாலும் இதுவே பரிந்துரைக்கப்படுகிறது. அப்டமினோபிளாஸ்டி சிகிச்சையில் தோலை அகற்றுவதுடன், விலகிய வயிற்றுத் தசைகளை இறுக்கித் தைத்து, தொப்புளையும் புதிய இடத்தில் பொருத்துகின்றனர். இடுப்பைச் சுற்றி முழுவதும் தளர்வு இருப்பின், இடுப்புப்பட்டை போல வட்டமாக வெட்டித் தைக்கும் கீழ் உடல் சீரமைப்பு செய்யப்படுகிறது. மேற்கை, தொடை, மார்பு, கழுத்து ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிகிச்சைகள் உள்ளன.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்வது பாதுகாப்பானதன்று. அறுவை நேரம் நீளும்போது இரத்த இழப்பும் இரத்த உறைவு ஆபத்தும் கூடுவதால், சில மாத இடைவெளிகளில் படிப்படியாகச் செய்வதே வழக்கம். மிக அதிகத் தொல்லை தரும் இடம் எது என்பதை நோயாளி முதலில் தெரிவிக்க வேண்டும். அங்கு சிகிச்சை முடிந்த பிறகு, மற்ற இடங்களுக்குத் தேவையில்லை என முடிவு செய்வோரும் உண்டு.

தோலுக்குப் பதில் தழும்பு

இச்சிகிச்சையில் தொங்கும் தோல் நீங்குகிறது. அதற்கு ஈடாக நீண்ட, நிரந்தரமான தழும்பு எஞ்சுகிறது. வயிற்றில் அது ஓர் இடுப்பு எலும்பிலிருந்து மறு இடுப்பு எலும்பு வரை செல்லும். மேற்கையில் அக்குளிலிருந்து முழங்கை வரை நீளும். அரைக்கைச் சட்டை அணிந்தாலும் வெளியே தெரியக்கூடும். தழும்பு மங்குவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். கருநிறத் தோலில் தடித்த தழும்பும் கெலாய்டும் ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், முந்தைய காயங்களில் அவ்வாறு ஏற்பட்டிருப்பின் மருத்துவரிடம் கூற வேண்டும்.

காயத்தின் ஓரம் பிரிதல், தோலுக்கடியில் நீர் தேங்கும் செரோமா, தொற்று, மரத்துப்போதல் போன்ற சிறு சிக்கல்கள் இச்சிகிச்சையில் அரிதானவை அல்ல. பெரும்பாலானவை கட்டு மாற்றுவதாலும் மருந்தாலும் சரியாகும். சிலருக்கு மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும். காலில் உருவாகும் இரத்த உறைவு நுரையீரலை அடைவது அரிது எனினும் உயிருக்கு ஆபத்தானது. எனவே சிகிச்சை முடிந்ததும் விரைவில் எழுந்து நடக்க வைக்கின்றனர். தேவைப்படுவோருக்கு உறைவைத் தடுக்கும் ஊசியும் போடப்படுகிறது. வீடு திரும்பிய பின் கெண்டைக்காலில் வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அலுவலகப் பணிக்குத் திரும்பப் பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். சுமார் 6 வாரங்களுக்கு எடை தூக்கக் கூடாது. இறுக்க உடை அணிய வேண்டும். தண்ணீர்க் குடம், சமையல் எரிவாயு உருளை, கைக்குழந்தை ஆகியவற்றைத் தூக்குவதும் இதில் அடங்கும். வீட்டு வேலைகளைச் சுமக்கும் பெண்களுக்கு, அந்த 6 வாரங்களில் யார் உதவுவார் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட வேண்டியது.

காப்பீடு கிடைக்குமா?

தனியார் மருத்துவமனைகளில் நகரம், அறுவையின் அளவு, தங்கும் நாட்கள் ஆகியவற்றைப் பொறுத்துச் செலவு லட்சக்கணக்கில் ஆகலாம். பல கட்டங்களாகச் செய்தால் அது பெருகும். அழகுக்கான அறுவை சிகிச்சைகள், மருத்துவச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி விலக்கில் அடங்காதவை என்பதால், மதிப்பீட்டில் வரி சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பேரியாட்ரிக் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைத்தால் அதன் பின் வரும் தோல் சிகிச்சைக்கும் கிடைக்கும் எனப் பலர் கருதுகின்றனர். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வகுத்த தரப்படுத்தப்பட்ட விலக்குகளில் இவ்விரண்டும் வெவ்வேறு பிரிவுகளாகும். உடல் நிறைக் குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடுமையான இணைநோய் உள்ளவர்களுக்கும், மருத்துவரின் பரிந்துரை உள்ளிட்ட நிபந்தனைகளுடன் உடல் பருமன் அறுவை சிகிச்சை ஏற்கப்படலாம். அழகு மற்றும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைகளோ, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பாகவோ, நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவையாகவோ இருந்தால் மட்டுமே ஏற்கப்படும். அந்தத் தேவையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும்.

ஆகவே ஆவணங்களே முக்கியம். தொற்றுக்காகப் பெற்ற ஒவ்வொரு சிகிச்சையின் மருந்துச் சீட்டு, தேதியுடன் கூடிய புகைப்படங்கள், எடை நிலைத்திருந்ததைக் காட்டும் பதிவுகள், தோல் நோய் நிபுணரின் அறிக்கை ஆகியவற்றைப் பாதுகாத்து, சிகிச்சைக்கு முன்பே எழுத்துப்பூர்வ அனுமதி கோருவது நல்லது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் முறையிடலாம். அங்கும் மறுக்கப்பட்டாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் கிடைக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அறுவை சிகிச்சை செய்பவர் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்பதை உறுதி செய்ய வேண்டும். பதிவு விவரங்களைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ மாநில மருத்துவக் கவுன்சிலிலோ சரிபார்க்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவும் இரத்த வங்கி வசதியும் உள்ள மருத்துவமனையே இத்தகைய அறுவைக்குப் பாதுகாப்பானது.

பெருமளவு எடை குறைத்தவர்களுக்கு இச்சிகிச்சையை எத்தனை முறை செய்துள்ளார், அவர்களுக்கு என்னென்ன சிக்கல்கள் ஏற்பட்டன, மறு அறுவை தேவைப்பட்டால் அதன் செலவு யாருடையது, தழும்பு எங்கு அமையும் என்பவற்றை நோயாளி தயங்காமல் கேட்கலாம். ஆபத்து எதுவுமே இல்லை என்று கூறுபவரிடமும், உடனே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்துபவரிடமும் எச்சரிக்கை தேவை. இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதால் இழப்பு ஏதுமில்லை. அவசரச் சிகிச்சை அல்லாத இதற்கு அவகாசம் உண்டு.

வேண்டாம் என்பதும் ஒரு முடிவு

எல்லாத் தகவல்களையும் அறிந்த பிறகு சிலர் அறுவை சிகிச்சை வேண்டாம் என முடிவு செய்கின்றனர். தோல் தொங்கினாலும் தொற்று இல்லை, நடமாட்டத்தில் தடையில்லை, தழும்பையும் செலவையும் ஏற்க விருப்பமில்லை என்போருக்கு அது சரியான முடிவே. எடைக் குறைப்பால் இதயம், கல்லீரல், மூட்டுகள் பெற்ற நன்மை தோலைப் பொறுத்து மாறுவதில்லை. தோல் தொங்கும் என்ற அச்சத்தால் எடைக் குறைப்பைத் தள்ளிப்போடவும் தேவையில்லை.

மாறாக, மடிப்பின் அடியில் ஆண்டுக்குப் பலமுறை புண் வந்து, நடைப்பயிற்சியையே கைவிடும் நிலையில் உள்ள ஒருவர், அதை வெறும் அழகுப் பிரச்சினை என எண்ணிச் சகித்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. அவர் முதலில் செய்ய வேண்டியது, எடைப் பதிவு, மருந்துச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றுடன் தகுதி பெற்ற பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரைச் சந்திப்பதே. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தருவதை அந்தச் சந்திப்புக்குப் பின் யோசித்துக்கொள்ளலாம்.